கண்மேல் கட்டிய கிடுகு வேலி

றோஸ் பெங்கால் சாயத் தாளின் நுனியை ஒரு சொட்டு உப்புநீரில் நனைத்து, கீழ் இமைக்குள் ஒருக்காத் தொட்டுவிட்டு சிலிற் லாம்பில் (கண்ணைப் பெருக்கிக் காட்டும் விளக்குக் கருவி) பார்த்தால், நல்ல கண்ணில் பெரிதாக ஒன்றும் தெரியாது. சாயம் கண்ணீரோடு வழிந்து போய்விடும். வரண்ட கண் என்றால், இமைகளுக்கு நடுவே திறந்து கிடக்கும் பகுதியில் குங்குமத்தைத் தூவிவிட்டதுபோல் சிவப்புப் புள்ளிகள் நிற்கும். சுவீடன் வைத்தியர் ஹென்றிக் ஷோகிறன் 1933இல் தன் ஆய்வேட்டில் கண்வரட்சியைக் காட்டியது இந்தச் சாயத்தை வைத்துத்தான். செத்த கலங்களில்தான் சாயம் ஏறும் என்றே நெடுங்காலம் பாடம் நடந்தது. 1992இல் ஃபீன்ஸ்ட்ரா, செங் என்ற இருவர் அதைப் புரட்டிப் போட்டார்கள். உயிரோடு நன்றாக இருக்கும் கலத்திலும் அது ஏறும், மேலே மூடியிருக்கும் மியூசின் என்ற சளிப்புரதம் இல்லாவிட்டால் போதும் என்று காட்டினார்கள். ஆகவே அந்தச் சிவப்புப் புள்ளி சொல்வது சாவை அல்ல, போர்வை விலகியதை.

அந்தப் போர்வை வெல்லத்தால் ஆனது. அதைக் கட்டி வைத்திருப்பது வெல்லத்தைப் பிடிக்கும் ஒரு புரதம்.

இரண்டு சொல் விளக்கம். வெல்லம் என்று இங்கே எழுதுவது நாங்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியலில் படித்த வெல்லம்: குளுக்கோஸ், கலக்ரோஸ், மனோஸ் வகையறா. தமிழ்நாட்டு வாசகர் கரும்புக் கட்டியை நினைக்க வேண்டாம். மற்றது, இது நீரிழிவில் நடக்கும் விசயமும் அல்ல. நீரிழிவில் இரத்தத்தில் மிதக்கும் குளுக்கோஸ் அகப்பட்ட புரதத்தில் எல்லாம் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. அது அழுக்குப் படிவது மாதிரி. நான் சொல்வது தனக்கென்று ஒரு பள்ளம் வைத்து, குறிப்பிட்ட வெல்லத்தை மட்டும் பார்த்துப் பிடிக்கும் புரதங்களை. லெக்ரின் என்பது அவற்றின் பொதுப்பெயர். கலக்ரோஸ் உள்ள வெல்லங்களைப் பிடிக்கும் ஒரு குடும்பத்துக்குக் கலெக்ரின் என்று பெயர். (யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஒரு முழு வைத்தியப் படிப்பைத் தமிழில் நடத்திக் காட்டிவிட்டுப் போனார். நாங்கள் ஒரு லெக்ரினுக்குத் தமிழில் திணறக் கூடாது.)

விழிவெண்படலத்தின் (கோர்னியா, கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) வெளித்தோல் 5 முதல் 7 அடுக்குக் கலங்கள். மொத்தத் தடிப்பு 50 மைக்ரோமீற்றர் அளவு. ஏறக்குறைய ஒரு கிழமைக்கு ஒருமுறை முழுதும் புதிதாகிவிடும். மேலடுக்குக் கலத்தின் முகம் வழுவழுப்பானது அல்ல, நுண்ணிய மடிப்புகள் நிறைந்தது. மடிப்பின் உச்சிகளில் இருந்து மியூசின்கள் மேல்நோக்கி நிற்கின்றன: மக்-1, மக்-4, மக்-16. இவற்றில் மக்-16 ஒரு பூதம். ஒரே சங்கிலியில் ஏறத்தாழ 22,000 அமினோ அமிலங்கள். ஆனால் கனத்தைக் கொடுப்பது அந்தச் சங்கிலி மட்டுமல்ல, அதன் இருபுறமும் கொத்துக் கொத்தாகத் தொங்கும் வெல்லங்களும்தான். அவைதான் தண்ணீரை இழுத்து வைத்திருக்கின்றன. கண்ணீர் படலம் வெறும் 3 மைக்ரோமீற்றர் அளவு. அது விழியின் மேல் வழுக்கி ஓடாமல் பரவி நிற்பது இந்தக் கொத்துகளால்.

இப்போது எங்கள் ஊர் வேலியை நினைத்துப் பாருங்கள். கதியால் நட்டு, வரிச்சு வைத்து, கிடுகை (பின்னிய தென்னோலை) அடுக்கினால் மட்டும் வேலி ஆகாது. கயிற்றால் கட்ட வேண்டும். கட்டு இல்லாத வேலியில் கிடுகு ஒவ்வொன்றும் புத்தம் புதிதாக இருந்தாலும் ஆடு தலையை விட்டுத் திறந்துவிடும். மியூசின் கிடுகு என்றால், கட்டுக்கயிறு கலெக்ரின்-3.

கலெக்ரின்-3 சிறிய புரதம், 250 அமினோ அமிலங்கள். ஒரு பாதி, கிட்டத்தட்ட 130 அமினோ அமிலங்கள், இறுகி மடிந்து வெல்லத்தைப் பிடிக்கும் பள்ளமாக இருக்கிறது. மற்றப் பாதி புரோலினும் கிளைசினும் நிறைந்த தளர்ந்த வால். தனியே மிதக்கும்போது ஒற்றை. மியூசினின் கலக்ரோஸைப் பிடித்த பிறகு வால்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஐந்து வரை கூட்டாகும். ஒரு கூட்டில் ஐந்து கை. ஐந்தும் வேறு வேறு மியூசினைப் பிடிக்கலாம். ஒவ்வொரு பிடியும் தனியே எடுத்தால் பலவீனம்தான். ஆயிரக்கணக்கான பிடிகள் சேரும்போது வலை இறுகிவிடும். ஒன்று கழன்றாலும் பக்கத்தில் உள்ளது தாங்கும், கழன்றது திரும்பவும் பிடிக்கும். இமை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் உராய்வு விழும் இடத்தில் இப்படிக் கழன்று பிடிக்கும் கட்டுத்தான் பொருத்தம். இறுகி ஒட்டிய பசை என்றால் கிழிந்துவிடும்.

இதை நிரூபித்த விதம் எளிமையானது. பொஸ்ரனில் ஷெப்பென்ஸ் கண் ஆய்வு நிறுவனத்தில் பப்லோ ஆர்குவேசோவின் குழு, அடுக்கடுக்காக வளர்த்த மனித விழிவெண்படலக் கலங்களில் லக்ரோஸைச் சேர்த்தது. லக்ரோஸில் கலக்ரோஸ் இருக்கிறது. கலெக்ரினின் பள்ளத்தில் அது போய் உட்கார்ந்து மியூசினைத் தள்ளிவிடும். கட்டு அவிழ்ந்தது, றோஸ் பெங்கால் உள்ளே ஏறியது. அதே அளவு சுக்ரோஸைச் சேர்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சுக்ரோஸ் சோதனை முக்கியம். அது இல்லாவிட்டால், கரைசலில் வெல்லம் கூடியதால் கலம் தண்ணீரை இழந்து சுருங்கியது, அதனால்தான் சாயம் ஏறியது என்று யாரும் வாதாடலாம். இந்த முடிவு 2009இல் வெளிவந்தது. மியூசினில் அந்த வெல்லத்தை ஏற்றும் நொதியத்தைக் குறைத்தாலும் இதே கதை என்பது பிறகு தெரிந்தது. கிடுகில் கட்டுவதற்கு ஈர்க்கு இல்லாவிட்டால் கயிறு இருந்தும் என்ன பயன்.

கட்டு எங்கே அறுகிறது? கண் மேற்பரப்பில் அழற்சி வந்தால் எம்.எம்.பி-9 என்ற நொதியம் கண்ணீரில் கூடும். அது கலெக்ரின்-3இன் வாலை 62ஆம், 63ஆம் அமினோ அமிலங்களுக்கு நடுவே வெட்டுகிறது. பள்ளம் சேதமில்லாமல் இருக்கும். வெல்லத்தை இன்னும் பிடிக்கும். ஆனால் கூட்டுச் சேர முடியாது. பார்த்தால் கை இருக்கிறது, கட்டு இல்லை. வெட்டுப்பட்டது மியூசினைப் பிடித்துக்கொண்டு இருப்பதால் முழுதாக உள்ளதற்கு இடமும் குறைகிறது. கண்வரட்சிக்காரரின் கண்ணீரில் கலெக்ரின்-3 குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அளந்தால் கூடுதலாக இருக்கிறது, அதிலும் வெட்டுப்பட்ட துண்டுகளோடு. வேலியில் இருக்க வேண்டிய கயிறு வாய்க்காலில் மிதக்கிறது, அவ்வளவுதான்.

எம்.எம்.பி-9ஐக் கண்ணீரில் பார்க்க ஒரு கீலப் பரிசோதனை உண்டு. மில்லிலீற்றருக்கு 40 நனோகிராமுக்கு மேல் என்றால் சிவப்புக் கோடு விழும். எல்லா இடத்திலும் கிடைக்காது, விலையும் கூட. கிடைக்காவிட்டாலும், புளோரசீன் சாயம் விட்டு இமைக்காமல் இருக்கச் சொல்லி, கண்ணீர் படலம் எத்தனை செக்கனில் உடைகிறது என்று எண்ணலாம். 10 செக்கனுக்குள் என்றால் சரியில்லை. இமைக்குள் செருகிக் கண்ணீரை அளக்கும் சேர்மர் தாள் 5 நிமிடத்தில் 5 மில்லிமீற்றருக்கு மேல் நனையாவிட்டால் கண்ணீர் சுரப்பே குறைவு. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணீர் தாராளமாக ஊறியும் படலம் 4 செக்கனில் உடையும் கண்கள் உண்டு. இமை எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டிருக்கலாம், அல்லது வேலியின் கட்டு விட்டிருக்கலாம். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களின் கண்ணில் இருந்து நீர் வழிவதும் எரிவதும் ஒன்றாக நடப்பது இதனால்தான். "நீர் வடியுது, பிறகென்ன வரட்சி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சொட்டு மருந்து விசயத்தில் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஒன்று, ஒரேயடியாக இரண்டு மூன்று சொட்டு விடுவது. கண்ணில் இருக்கும் கண்ணீர் 7 மைக்ரோலீற்றர். ஒரு சொட்டு 30 முதல் 50. முதல் சொட்டிலேயே பெரும்பகுதி கன்னத்தில் ஓடிவிடும். இரண்டு வகை மருந்து என்றால் நடுவில் குறைந்தது 5 நிமிடம் விட வேண்டும். இரண்டாவது, பென்சல்கோனியம் குளோரைட் சேர்த்த செயற்கைக் கண்ணீரை நாளுக்கு எட்டுப் பத்துத் தரம் விடுவது. அது சவர்க்காரம் மாதிரி வேலை செய்யும் பாதுகாப்புப் பொருள். போர்வையையும் சளி சுரக்கும் கலங்களையும் தின்றுவிடும். நாளுக்கு 4 தடவைக்கு மேல் தேவை என்றால் பாதுகாப்புப் பொருள் இல்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது, சிவப்பைப் போக்குகிற சொட்டை வரட்சிக்கு விடுவது. அது இரத்தக் குழாயைச் சுருக்கும், வேலியைத் தொடாது. குறைந்த அளவு டொக்சிசைக்கிளினை வைத்தியர் சிலருக்கு மாதக்கணக்கில் கொடுப்பதைக் கண்டு, கிருமி இல்லாமல் அன்ரிபயோட்டிக் எதற்கு என்று குழம்புகிறார்கள். அது எம்.எம்.பி-9இன் கையையும் கட்டிவைக்கும். காரணம் அதுதான். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் ஆகாது.

கண்ணுக்குத் தாய்ப்பால் விடுகிற பழக்கம் இன்னும் சாகவில்லை. தாய்ப்பாலில் லக்ரோஸ் 100 மில்லிலீற்றருக்கு 7 கிராம் அளவு. கலெக்ரினை அவிழ்க்க ஆய்வுகூடத்தில் பாவிக்கும் 0.1 மோலர் கரைசலைவிட இரண்டு மடங்கு செறிவு. இதைச் சொல்லிப் பயமுறுத்த வரவில்லை, ஒரு சொட்டு சில நிமிடத்தில் மூக்குக்குள் வடிந்துவிடும். விட வேண்டாம் என்பதற்குக் கிருமி ஒன்றே போதிய காரணம். ஆனால் குளிர்ச்சி, சத்து என்று சொல்பவர்கள் அந்த லக்ரோஸையும் கணக்கில் எடுக்கட்டும்.

வெல்லத்தைப் பிடிக்கும் வித்தை எங்களிடம் மட்டும் இல்லை. கிருமிகளிடமும் இருக்கிறது. சூடோமோனாஸ் பற்றீரியாவிடம் இரண்டு லெக்ரின் உண்டு, ஒன்று கலக்ரோஸைப் பிடிக்கும், மற்றது ஃபியூக்கோஸ் என்ற வெல்லத்தை. கண்ணோய் பரப்பும் அடினோவைரசு 37, எங்கள் கலங்களின் வெல்லச் சங்கிலி நுனியில் உள்ள சியாலிக் அமிலம் என்ற வெல்லத்தைப் பிடித்துக்கொண்டே உள்ளே வருகிறது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் துவாயைப் பிரித்து வைத்து, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். அடினோவைரசுக்குக் கொழுப்புறை கிடையாது, அதனால் அற்ககோல் ஜெல்லை மட்டும் நம்ப முடியாது.

அகந்தமீபா விசயம் இன்னும் சுவாரசியம், இன்னும் கொடூரம். கிணற்றிலும் குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கும் ஒற்றைக்கல உயிர் அது. அதன் மேற்பரப்பில் மனோஸைப் பிடிக்கும் புரதம் ஒன்று இருக்கிறது. கொன்ராக்ற் லென்ஸ் உரசிய விழிவெண்படலத்தில் மனோஸ் வெளியே தெரிய, அதைப் பிடித்துக்கொள்கிறது. சரி, வெறும் மனோஸைக் கரைத்து விட்டால் அதன் பள்ளம் நிரம்பிவிடாதா? ஒட்டுவது குறையத்தான் செய்கிறது. ஆனால் மனோஸ் கிடைத்த அமீபா, கலங்களைக் கொல்லும் ஒரு புரத நொதியத்தைச் சுரக்கத் தொடங்குகிறது. கள்ளனுக்குக் கதவைப் பூட்டிவிட்டு யன்னலால் கோடரியைக் கொடுத்த கதை. லென்ஸைக் கிணற்றுத் தண்ணீரில் அலசக் கூடாது, லென்ஸ் போட்டபடி கிணற்றடியில் குளிக்கக் கூடாது, பெட்டியில் பழைய கரைசலுக்கு மேல் புதிதை ஊற்றக் கூடாது. குளோரின் போட்ட தண்ணீர் என்று ஆறுதல்படவும் முடியாது, அதன் உறங்குநிலைக் கூடு குளோரினுக்குச் சாகாது.

எங்கள் பக்கத்துக்கு இதைவிட நெருக்கமானது பங்கசு (பூஞ்சை). தை, மாசியில் அரிவு வெட்டு. நெற்சுணை, கதிர் நுனி, பனங்கருக்கு எது கண்ணில் கீறினாலும் பியூசேரியமோ அஸ்பர்ஜில்லஸோ கூடவே போகலாம். பங்கசின் சுவரில் பீற்றா-குளுக்கன் என்ற வெல்லச் சங்கிலி இருக்கிறது. எங்கள் வெண்குருதிக் கலங்களில் உள்ள டெக்ரின்-1 என்ற லெக்ரின் அதைப் பிடித்தவுடன் சண்டைக்கு ஆள் கூப்பிடும். அஸ்பர்ஜில்லஸ் வித்து அந்தக் குளுக்கனை வெளியே காட்டாது. அதன்மேல் ஒரு நீர்விலக்கி உறை மூடியிருக்கும். வித்து ஊறி முளைக்கும்போதுதான் உறை கழன்று குளுக்கன் தெரியும். கீறிய அன்று பெரிதாக நோவில்லை, சில நாள் கழித்துத்தான் கண் சிவந்து வெள்ளை விழுந்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

கீறின உடன் செய்ய வேண்டியது: கசக்காமல், கொதித்தாறிய தண்ணீரால் அல்லது போத்தல் தண்ணீரால் தாராளமாகக் கழுவி, அன்றைக்கே கண் வைத்தியரிடம் போவது. செய்யவே கூடாதது: பாமசியில் ஸ்ரெரோயிட் கலந்த சொட்டை வாங்கி விடுவது. சிவப்பு இரண்டு நாளில் இறங்கும், ஆள் சுகம் என்று நினைப்பார். டெக்ரின்-1 கூப்பிட்ட ஆட்களை எல்லாம் ஸ்ரெரோயிட் வீட்டுக்கு அனுப்பிவிட்டது, பங்கசு நிம்மதியாக ஆழத்துக்குப் போகிறது என்பதுதான் உண்மை. புண்ணின் ஓரத்தைச் சுரண்டி 10 வீத பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் பார்த்தால் குறுக்குச் சுவர் உள்ள இழைகள் தெரியும். தென்னிந்தியாவில் நடந்து 2013இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில் நற்றமைசின் 5 வீதச் சொட்டு, வொரிகொனசோலைவிட நல்ல பலன் காட்டியது. பியூசேரியத்தில் வித்தியாசம் தெளிவு. அது கரைசல் அல்ல, தூள் மிதக்கும் பால். ஒவ்வொரு முறையும் போத்தலைக் குலுக்காமல் விட்டால் மேலே உள்ள தண்ணீர் மட்டுமே கண்ணுக்குப் போகும். தொடக்கத்தில் மணிக்கொருதரம், பிறகு கிழமைக்கணக்கில்.

விழித்திரையின் பக்கம் ஒரு எட்டு. வயதானவர்களுக்கு நடுப்பார்வை மங்கும் மக்கியூலா நோயில், ஃபக்ரர் எச் என்ற இரத்தப் புரதம் 2005இல் மாட்டிக்கொண்டது. விழித்திரைக்கு அடியில் உள்ள புரூக் சவ்வின் ஹெபரன் சல்பேற்று வெல்லச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, 'இது எங்கட ஆள், தாக்காதே' என்று நோயெதிர்ப்புக்குச் சொல்வது அதன் வேலை. அதன் 402ஆவது இடத்தில் தைரோசினுக்குப் பதில் ஹிஸ்ரிடின் இருப்பவர்களில் அந்தச் சவ்வை அது சரியாகப் பிடிப்பதில்லை. ஓர் அமினோ அமிலம் மாறியதில் பிடி தளர்கிறது.

கடைசியாக, ஆய்வுகூடத்தில் கை வைக்கும் மாணவர்களுக்கு. லெக்ரின் என்ற சொல்லை வில்லியம் பொய்ட் 1954இல்தான் வைத்தார், ஆனால் பொருள் 1888இல் டோர்பாட்டில் (இன்றைய எஸ்தோனியாவின் தார்ட்டு) ஸ்ரில்மார்க் ஆமணக்கு விதையில் கண்டது. இன்றைக்கும் கண் இழையத்தில் வெல்லம் தேடப் பாவிப்பவை பாதிக்கு மேல் எங்கள் அடுப்படிச் சாமான்: கச்சான் (நிலக்கடலை), பலாக்கொட்டை, கோதுமை முளை. கச்சான் லெக்ரினும் பலாக்கொட்டை லெக்ரினும் ஒரே இரட்டை வெல்லத்தைத்தான் தேடுகின்றன. கலக்ரோசும் அதனடியில் என்-அசற்றைல்கலக்ரோசமினும் சேர்ந்தது அது, மியூசினின் அடிப்படைக் கொத்து. வித்தியாசம் என்னவென்றால், மேலே சியாலிக் அமிலம் தொப்பி போட்டிருந்தால் கச்சான் பிடிக்காது, பலா பிடிக்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டாலே எவ்வளவு தொப்பி போட்டிருக்கிறது என்று ஒரு மதிப்புக் கிடைத்துவிடும்.

ஒளிரும் சாயம் சேர்த்த கச்சான் லெக்ரினை மில்லிலீற்றருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் எடுத்து, 30 முதல் 60 நிமிடம், இருட்டில். அதற்கு முதல் வெற்றிடங்களை அடைக்க 1 வீத அல்புமின். வழமையாகச் செய்கிறபடி ஆட்டுச் சீரமோ பால்மாவோ போட்டால் அங்கேயே கெட்டது. சீரத்தின் கிளைக்கோபுரதத்தையும் பாலின் லக்ரோஸையும் லெக்ரின் பிடித்துக்கொண்டு இழையத்துக்கு மிஞ்சாது. மனோஸைத் தேடும் கொன்கனவலின்-ஏ என்ற லெக்ரின் என்றால் கல்சியமும் மங்கனீசும் வேண்டும். பொஸ்பேற்றுத் தாங்கலில் கல்சியம் வீழ்படிந்துவிடும், ஆகவே திரிஸ் தாங்கல், அந்த உலோகங்களைப் பிடித்து இழுக்கும் ஈ.டி.ரி.ஏ. கிட்டவும் வரக் கூடாது. மெழுகில் பதித்த துண்டென்றால் சைலீன் கழுவலில் கிளைக்கோலிப்பிட்டுகள் போய்விடும், அவற்றைப் பார்க்க உறைய வைத்த துண்டு வேண்டும்.

பழக நல்ல இடம் மனித விழித்திரை. அங்கே ஒளியை உணரும் கலங்கள் கூம்பு, கோல் என்று இரண்டு வகை. கச்சான் லெக்ரின் கூம்புகளைச் சுற்றியுள்ள உறையை மட்டும் பிடிக்கும். கருமைக்குள் பச்சைக் குழாய்கள் வரிசையாக நிற்கும், நடுவில் கோல்கள் இருந்தும் தெரியாது. சியாலிக் அமிலத்தை வெட்டும் சியாலிடேஸ் நொதியத்தை முதலில் போட்டுத் தொப்பியைக் கழற்றினால் கோல்களின் உறையும் ஒளிரும், கூம்பு எது கோல் எது என்று பிரிக்க முடியாமல் போகும். எனவே அந்த நொதியத்தைப் போட்ட சிலைட்டைத் தனியாக அடையாளமிட்டு வையுங்கள். இன்னொரு சிலைட்டில் லெக்ரினோடு 0.2 மோலர் கலக்ரோஸைக் கலந்து போட வேண்டும். அது இருண்டு இருக்க வேண்டும். அதுவும் ஒளிர்ந்தால் அன்றைக்கு முழுதும் பார்த்தது வெல்லம் அல்ல, வெறும் ஒட்டல். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அடைப்பில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.